பச்சைக் கோடு

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்மாடியில் நான் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த காலம். கீழே உரக்கடை, பக்கத்தில் டீக்கடை, மேலே குத்புதீனாகிய நானும் நாலு கம்ப்யூட்டரும். அதில் ஜன்னலோரக் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு பொத்தானில் மட்டும் எழுத்து சுத்தமாக அழிந்துபோயிருந்தது. பார்த்த பக்கத்தையே திரும்பவும் புதுசாகக் காட்டு என்று சொல்கிற பொத்தான். அதைத் தேய்த்த புண்ணியவான் வேதாசலம் சார்.

சார் காஞ்சிபுரத்துப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தினார். எங்கள் ஊர் ஏரியின் எந்த மதகிலிருந்து எந்தக் கழனிக்குத் தண்ணீர் போகிறது, யார் திறக்கிறார்கள், யார் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வருகிறார்கள் என்று வருஷக்கணக்கில் வெயிலில் அலைந்து ஆராய்ச்சி பண்ணி டாக்டர் பட்டம் வாங்கியவர். ஊசி போடாத டாக்டர் என்று டீக்கடையில் சொல்லிச் சிரிப்பார்கள். முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் எவனுக்கும் கிடையாது. மானாம்பதியில் நிலபுலம் உள்ள குடும்பம், மூக்குக்கு மேலே கோபம்.

அந்தக் கட்டுரையை இன்டர்நெட்டில் ஏற்றிக் கொடுத்தவன் நான்தான். அங்கே ஒரு இடத்தை அவர் பெயரிலேயே வாங்கி, முகப்பில் அவர் போட்டோவை வைத்து, பின்னால் ஏரி பளபளக்கிற மாதிரி அமைத்துக் கொடுத்தேன். அதோடு விட்டிருந்தால் நல்லது. கிரகம், பச்சைக் கோட்டைப் பற்றியும் சொல்லித் தொலைத்தேன்.

அப்போதெல்லாம் திரையின் மேல்பக்கம் ஒரு சின்னப் பெட்டி வைத்துக்கொள்ளலாம். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அந்தப் பெட்டியில் ஒரு பச்சைக் கோடு தெரியும். உலகத்தில் மற்றவர்கள் தங்கள் பக்கத்தில், ‘அங்கே போய்ப் பாருங்கள்’ என்று உங்கள் பக்கத்துக்கு வழி போட்டு வைத்தால் கோடு நீளும். வழி போட்டவர் பெரிய இடத்துக்காரர் என்றால் கோடு தாவும். என்னைப் போல ஒன்றுமில்லாதவன் போட்டால் அசையவே அசையாது. பத்து வரைக்கும் போகலாம். சாருக்கு ஒன்று. அந்த ஒன்றும், உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

“இன்னா பாய், இது நேத்தும் இவ்ளோதான் இருந்துது?”

“மூணு மாசத்துக்கு ஒருக்காதான் சார் மாறும்.”

“அப்டியா?” என்பார். பொத்தானை அமுக்குவார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அமுக்குவார். டயல்-அப் இணைப்பு, பக்கம் வருவதற்குள் கீழே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். ஆனால் அவர் எழுந்திருக்க மாட்டார்.

அவர் வீட்டம்மா சசிரேகா, எனக்கு அக்கா மாதிரி. தாவரவியலில் எம்.எஸ்ஸி. படித்துவிட்டு வேலைக்குப் போகாமல் வீட்டோடு இருந்துவிட்டவர். மாமியாரைப் பார்த்துக்கொண்டதில் பாதி வயசு போயிற்று. மாமியாரும் போய், மகளும் ஹாஸ்டலுக்குப் போன பிறகு, மானாம்பதிக் கழனியை மேற்பார்வை பார்க்கிற வேலை அக்காவிடம் வந்தது. கோவிந்தம்மாளும் இன்னும் நாலைந்து பெண்களும் சேற்றில் குனிந்து களை பறிக்கும்போது, அக்காவும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிடுவார். அவர்கள் பறித்து வரப்பில் எறிவார்கள். இவர் எறிந்ததைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்வார்.

“இன்னாம்மா, நாங்க தூக்கிப் போட்டத்த நீ எட்த்துக்கினு போற? கொயம்பு வெக்கப் போறியா?” என்று கோவிந்தம்மாள் கேலி பண்ணினாளாம்.

குழம்பு வைத்தது போக மிச்சத்தை அக்கா பழைய செய்தித்தாளுக்குள் விரித்து, மேலே அரிசி மூட்டையை ஏற்றி வைத்துக் காயவிட்டார். காய்ந்ததும் நேரே என் கடைக்குக் கொண்டுவந்தார். போட்டோ எடுக்க நல்ல கேமரா இல்லை. செடியை அப்படியே ஸ்கேனர் கண்ணாடியில் கவிழ்த்துவிடுவது.

“அக்கா, போன வாரம் துடச்சதுக்கே கை வலிக்குது. வேர்ல மண்ணு கீது பாரு.”

“வேரு தெரியணும் தம்பி. வேரு இல்லாம செடிய எப்டி அடையாளம் சொல்றது?”

“கல்யாணப் பத்திரிகைய ஸ்கேன் பண்ணா, மாப்பிள்ள மூஞ்சில கோரப்புல்லு மொளைக்குது. பேஜாரா கீது எனக்கு.”

அக்கா சிரிப்பார். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொடுப்பார். ஆரைக்கீரை, கல்லுருவி, கோரையில் நாலைந்து விதம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. ஒவ்வொரு களைக்கும் படம், கழனிப் பெண்கள் சொல்கிற பெயர், புத்தகத்துப் பெயர், மாடு தின்னுமா, மனுஷன் தின்னலாமா, எந்தத் தண்ணீரில் வரும், எந்தத் தண்ணீரில் சாகும் என்று இங்கிலீஷில் எழுதி எடுத்து வருவார். நான் ஏற்றுவேன். அதற்கென்று தனி இடம் வாங்கவில்லை. சாரே பெரிய மனசு பண்ணி, “நம்ம எடத்துலயே ஒரு ரூம் குடு பாய், பொயுது போவட்டும்” என்று சொல்லிவிட்டார். ஒரு வீட்டுக்குள் ஒரு அறை மாதிரி, அவருடைய இடத்துக்குள் அக்காவுக்கு ஒரு பக்கம்.

“சார், உங்க கட்டுரையிலேர்ந்து அக்கா பக்கத்துக்கு ஒரு வழி போட்ரட்டுமா?”

“இன்னாத்துக்கு? மதகு எங்க, களை எங்க? ஆராய்ச்சி பட்ச்சிக்கினு வர்றவன் புல்லுல போய் மாட்டிக்கிறதுக்கா?”

போடவில்லை. அக்கா மட்டும் தன் பக்கத்திலிருந்து சாரின் கட்டுரைக்குப் போட்டிருந்தார்.

மழைக்கு முந்தின ஒரு நாள், ஏதோ ஞாபகத்தில் அக்கா பக்கத்தை அதே கம்ப்யூட்டரில் திறந்து வைத்திருந்தேன். சார் வந்து உட்கார்ந்தார். பெட்டியில் பச்சைக் கோடு பாதி தூரத்துக்கு ஓடியிருந்தது.

“பரவால்லியே! அஞ்சி கீதே! எப்ப ஏறுச்சி?” என்று முகமெல்லாம் பல்லாகக் கேட்டார்.

“சார், இது... அக்காவோடது.”

சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. எழுந்து ஜன்னலைப் பார்த்தார், உட்கார்ந்தார், யார் யார் வழி போட்டிருக்கிறார்கள் என்று பார்க்கச் சொன்னார். அதற்கும் ஒரு வித்தை உண்டு. போட்டேன். பிலிப்பைன்ஸ் நாட்டு நெல் ஆராய்ச்சிக்காரர்கள், கோயம்புத்தூரில் படிக்கிற பிள்ளைகள், வங்காளதேசத்து விவசாயத் துறைக்காரர் ஒருவர், ஜப்பானில் ஒரு பேராசிரியர். வரிசையாக வந்தது.

“அந்த ஜப்பான்காரன் யாரு?”

“பொம்பள சார். வயசானவங்க. போட்டோ கூட கீது.”

ஆம்பளை என்றால் சந்தேகப்பட்டாவது மனுஷன் ஆறுதல் அடைந்திருப்பார். அதற்கும் வழியில்லாமல் போனது. சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார்.

“நான் ஆறு வருசம் ஏரிக்கரையில செருப்பு தேய நடந்தேன் பாய். இவ புல்லு பொறுக்கினா.”

அன்றிலிருந்து அந்த வீட்டில் சோறு இறங்கவில்லை. மிகைப்படுத்திச் சொல்லவில்லை, நானே பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் என் வீட்டுக்காரி நசீராவையும் அக்கா சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, ஆரைக்கீரைக் கடைசல், கேழ்வரகுக் களி. நசீரா, “இத்த எப்டிக்கா கடஞ்சே, புளி போட்டியா?” என்று கேட்டுக் கேட்டு இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். சார் தட்டில் கீரை வைக்கப் போன அக்காவின் கையைத் தடுத்தார்.

“எனக்கு வேணாம்.”

“உங்களுக்குப் புடிக்குமேன்னுதான...”

“ஜப்பான்லேர்ந்து வந்து சாப்புடுவாங்க. அவங்களுக்கு வெய்யி.”

அக்கா கரண்டியோடு நின்றார். “இப்ப இன்னா ஆய்ப்போச்சின்னு இப்டிப் பேசறீங்க? பத்து நாளா மூஞ்சி குடுத்துப் பேசல. நான் இன்னா தப்பு பண்ணேன்?”

“நீ தப்பு பண்லம்மா. நீ பெரிய ஆளு. கல்லூரிக்கு தை மாசம் தரம் பாக்குற குழு வருது. ஒவ்வொரு வாத்தியாரும் எழுதினத எத்தினி பேரு எடுத்துச் சொல்லிக்கீறாங்கன்னு கேப்பாங்க. நேத்து வந்த முனிரத்தினத்துக்கு ஏயெட்டு பேரு கீறாங்க. நான் இன்னா சொல்றது? எனக்கு இல்ல சார், என் பொண்டாட்டி புல்லுக்குக் கீதுன்னு சொல்லட்டா?”

“எனக்கு வந்தா நமக்கு வந்த மாதிரி இல்லியா?”

“இல்ல” என்றார் சார். இத்தனை நேராக ஒரு மனுஷன் சொல்லி நான் கேட்டதில்லை. “இல்ல சசி. பொறாமயா கீது. வவுறு எரியுது. போதுமா?”

நசீரா என் தொடையைக் கிள்ளினாள். கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினோம். வழியெல்லாம் திட்டினாள். எனக்கும் அந்த எரிச்சல் புரியாதது இல்லை. தபால் ஆபீஸ் தெருவில் ஒருவன் பிராட்பேண்டு போட்டுக் குளுகுளு சென்டர் திறந்தானே, அந்தத் தெரு வழியாகவே நான் போவதில்லை.

அடுத்து சார் பண்ணினதுதான் கூத்து. எங்கள் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பொண்ணு மாப்பிள்ளை பெயர் ஓரமாக இருக்கும். ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்று கீழே ஊரில் உள்ள சொந்தக்காரர் பெயரெல்லாம் அடைத்திருக்கும். என் பெயரை நீ போட்டால் உன் பெயரை நான் போட வேண்டும். ஒரு பெயர் விட்டுப்போனால் அந்தக் கல்யாணத்துக்கு அந்தக் குடும்பமே வராது. பெயருக்கு முன்னால் முனைவர் என்று போடவில்லை என்பதற்காகச் சொந்தப் பெரியப்பா பேத்தி கல்யாணத்துக்கே போகாதவர் சார். பச்சைக் கோட்டையும் அவர் அந்தக் கணக்கில்தான் புரிந்துகொண்டார்.

“பாய், நீ யார் யாருக்குப் பக்கம் பண்ணிக் குட்த்துக்கீற?”

“நம்ம ரைஸ் மில்லு, ஷாமியானா கடை, டிரைவிங் ஸ்கூலு, கல்யாண மண்டபம்...”

“எல்லாத்துலயும் என் பேரப் போட்டு வயி குடு. நானும் அவங்க பேர என் பக்கத்துல போட்டுர்றேன். மொறையாப் பூடும்.”

“சார், இது அப்டி இல்ல சார்...”

“நாலு பேரு மதிச்சிப் பேரு போட்டா மருவாதி வராதா? நீ போடு.”

மில்காரரும் ஷாமியானாக்காரரும் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார்கள். டாக்டரே நம்ம பெயரைப் போடுகிறார் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? ஏரிப் பாசனப் பொருளாதாரம் என்ற அந்தக் கனமான கட்டுரைக்குக் கீழே, புழுங்கலரிசி மொத்த வியாபாரம், பந்தல் சீரியல் செட் வாடகைக்கு, பெண்களுக்குத் தனி வகுப்பு என்று வரிசையாக நின்றன. அடுத்த தடவை கோடு மாறினபோது இருந்த ஒன்றும் போய்விட்டது. பெட்டி சாம்பல் நிறத்தில் வெறுமனே கிடந்தது.

“இன்னா பாய் இது?”

“கூட்டு சேந்து போட்டுக்கிறத அது கண்டுபுடிச்சிடும் போலக்கீது சார். எல்லாத்தையும் எட்த்துர்றேன்.”

அவர் அக்காவின் பக்கத்தைத் திறக்கச் சொன்னார். அது அப்படியே பாதி தூரம் பச்சையாக இருந்தது. நிறைய நேரம் அதையே பார்த்தார். பார்த்துவிட்டு, குரலை இறக்கி ஒன்று கேட்டார்.

“எல்லாரும் வயி போட்டுக்கீறது அவளுக்கா, இந்த அட்ரஸுக்கா?”

“அட்ரஸுக்குத்தான் சார்.”

“அப்ப இந்த அட்ரஸுல கீற புல்ல எட்த்துட்டு, என் கட்டுரைய வெச்சா? வயியெல்லாம் என்கிட்டதான வந்து நிக்கும்?”

“சார், அது அக்காவோட ஒயப்பு சார்.”

“எடம் யாரு பேர்ல கீது?”

“உங்க பேர்லதான். அதுக்காக? நான் பண்ண மாட்டேன் சார். நீங்க கோச்சிக்கினாலும் சரி.”

கோபித்துக்கொண்டுதான் போனார். மாடிப்படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டது.

அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்தது. ஏரி ரொம்பி, மிச்சத் தண்ணீர் வெளியேறும் கலங்கல் வழிந்தது. ஊரே குடை பிடித்துக்கொண்டு கலங்கல் பார்க்கப் போனது. காஞ்சிபுரத்துப் பஸ் பாதி நாள் வரவில்லை. கழனிகளில் தண்ணீர் வடிந்ததும் புதுசாக ஏதேதோ முளைத்தது என்று, காய்ந்த செடிகளைப் பாலிதீன் பையில் சுற்றிக்கொண்டு அக்கா சந்தோஷமாகப் படியேறி வந்தார்.

“தம்பி, நாலு புதுசு. ஒண்ணு பேரே தெர்ல. கோவிந்தம்மாளுக்கே தெர்ல.”

பக்கத்தைத் திறந்தேன். சாரின் போட்டோ வந்தது. தப்பாக அடித்துவிட்டேன் என்று நினைத்து மறுபடி அடித்தேன். மறுபடியும் அவர்தான். ஆரைக்கீரை இருந்த இடத்தில் அட்டவணை, கல்லுருவி இருந்த இடத்தில் அட்டவணை. கல்லூரியில் கம்ப்யூட்டர் தெரிந்த யாரையோ பிடித்து மாற்றிவிட்டிருந்தார். மேலே பச்சைக் கோடு மட்டும் அப்படியே இருந்தது.

அக்கா பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அவர்தான?”

“ஆமாக்கா.”

“எல்லாம் பூட்ச்சா?”

“இல்லக்கா, எங்கிட்ட சிடியில கீது. செடி ஒண்ணுகூடப் போகல.”

“செடியக் கேக்கல தம்பி” என்றார். அப்புறம் அழுதார். ஏற்கனவே உட்கார்ந்திருந்த இரண்டு கஸ்டமரும் எழுந்து போய்விட்டார்கள். நான் டீ வாங்கிவரப் போகிறேன் என்று நானும் கீழே இறங்கிவிட்டேன். திரும்பி வந்தபோது முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஸ்கேனர் கண்ணாடியையும் துடைத்து வைத்திருந்தார்.

அன்றைக்கே காஞ்சிபுரம் பக்கம் ஐயங்கார்குளத்தில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். ‘சமைக்க ஆளில்லாமல் காயட்டும்’ என்று நசீராவிடம் சொல்லிவிட்டுப் போனாராம். சார் காலையில் பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் நாஷ்டா, மத்தியானம் கல்லூரி கேன்டீன், சாயங்காலம் டீயும் வடையும். வேட்டி கசங்கி இருக்கும். ஆனால் முகத்தில் ஒரு மினுக்கு. கல்லூரி முதல்வரிடமே போய், தன் கட்டுரைக்கு உலக அளவில் அஞ்சு என்று சொல்லியாயிற்றாம்.

அது எத்தனை நாள் நிற்கும்? அப்புறம் நடந்ததை முனிரத்தினமே என் கடையில் வந்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு சொன்னார். சார் பெருமையாகத் திறந்து காட்டியபோது, ஆசிரியர்கள் எல்லாரும் சுற்றி நின்றார்களாம். முனிரத்தினம் சும்மா இல்லாமல், யார் வழி போட்டிருக்கிறார்கள் பார்ப்போம் என்று ஜப்பான் பக்கத்தைத் திறந்திருக்கிறார். ‘தென்னிந்திய நெல்வயல் களைகளைப் பற்றி அறிய இங்கே’ என்று அதில் எழுதியிருந்தது. அதை அமுக்கினால் வேதாசலம் சாரின் போட்டோ.

“நீங்க எப்ப சார் களை ஆனீங்கன்னு கேட்டேன் பாய். மனுசன் எயுந்து போய்ட்டாரு” என்றார் முனிரத்தினம்.

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த ஆள் போனதும், அந்த இடத்தில் நின்ற சாரை நினைத்துப் பாவமாகவும் இருந்தது.

அக்கா வாரம் ஒருநாள் ஐயங்கார்குளத்திலிருந்து பஸ் பிடித்து வருவார், சார் கல்லூரியில் இருக்கிற நேரமாகப் பார்த்து. புது இடம் ஒன்று அக்கா பெயரிலேயே வாங்கி, சிடியிலிருந்து எல்லாச் செடியையும் மறுபடி நட்டோம். ஏற்றும்போது கேட்டேன்.

“அக்கா, சாருக்கு வயி போட்டுக்கீறதெல்லாம் தூக்கிரட்டுமா?”

அக்கா யோசித்தார். “வேணாம். அது அப்டியே கெடக்கட்டும்.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, அக்கா தலையில் ஒன்று போடலாம் போல இருந்தது. இத்தனை பண்ணின மனுஷனுக்கு இன்னமும் பத்தினி வேஷமா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே, கட்டுரை இப்போது இருக்கிற விலாசத்துக்கு வழியை மாற்றி ஏற்றினேன்.

புதுப் பக்கத்துக்குக் கோடு இல்லை, சாம்பல்தான். அக்கா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் கடிதம் வந்திருக்கும். ‘கோரைகளைக் காணோமே, எங்கே?’ என்று வங்காளதேசத்துக்காரர். ‘உடம்பு சரியில்லையா?’ என்று ஜப்பான் அம்மா. அக்கா ஒவ்வொருவருக்கும் புது விலாசத்தைக் கொடுத்து இரண்டே வரி எழுதுவார். என்ன நடந்தது என்று ஒருவருக்கும் எழுதவில்லை. அவர்களும் வழியை எடுத்து இங்கே மாற்றிப் போட்டார்கள்.

சாயங்காலம் சார் வருவார். அதே ஜன்னலோரம், அதே பொத்தான். யார் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பார்.

“பிலிப்பைன்ஸ் எங்க பாய்?”

“மாத்திட்டாங்க சார்.”

“அந்தக் கோயம்புத்தூர்ப் பசங்க?”

“அவங்களும்தான்.”

தினமும் ஒரு சாவு செய்தி கேட்கிறவர் மாதிரி கேட்டுக்கொண்டு போவார். வாயைத் திறந்து, அவ எப்டி கீறா என்று மட்டும் கேட்க மாட்டார்.

பொங்கலுக்கு முந்தின வாரம். மழை காலம் தப்பி ஒருநாள் மத்தியானம் பிடித்துக்கொண்டது. பஸ் இல்லாமல் அக்கா என் கடையிலேயே மாட்டிக்கொண்டார். கல்லூரிக்கு லீவு என்பதால் சாரும் தலையைத் துவட்டிக்கொண்டே படியேறி வந்துவிட்டார். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள். நான் ஸ்கேனரைத் துடைக்க ஆரம்பித்தேன். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

“பஸ்ஸு இல்லியா?” என்றார் சார்.

“இல்ல.”

“சாப்ட்டியா?”

“ம்.”

அவர் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். வழக்கம்போல யார் யார் வழி போட்டிருக்கிறார்கள் என்று பார்க்கிற வித்தையைப் போட்டார். பக்கம் மெதுவாக வந்தது.

“ஒண்ணே ஒண்ணு கீது பாய்” என்றார். குரலில் லேசாக ஒரு சந்தோஷம். “எல்லாரும் பூட்டாங்க, இவன் ஒருத்தன் மட்டும் போகல. யாரு இது?”

அவரே அமுக்கினார். முகப்பில் ஆரைக்கீரை நாலு இதழோடு வந்து நின்றது.

சார் அக்கா பக்கம் திரும்பினார். “எடுத்துரு சசி. எனக்காகப் பாவம் பாக்காத. நான் பண்ணதுக்கு, பொண்டாட்டியாச்சேன்னு நீ பேரு போட வேணாம்.”

“பொண்டாட்டியாச்சேன்னு யாரு போட்டது?” அக்காவுக்குச் சுரீரென்று வந்தது. “உங்களுக்கு எல்லாமே கல்யாணப் பத்திரிகதானா? அது எங்க கீதுன்னு பாத்தீங்களா? ஒருநாளாவது உள்ள போய் பட்ச்சீங்களா? கோட்டத்தான பாத்தீங்க!”

சார் படித்திருக்கவில்லை. எனக்குத் தெரியும், முகப்பைத் தாண்டி அவர் ஒருநாளும் உள்ளே போனதில்லை. இப்போது போனார். கோரை, கல்லுருவி என்று ஒவ்வொன்றாகத் திறந்து, உதடு அசையப் படித்தார். மழைச் சத்தமும் மவுஸ் சத்தமும்தான் கேட்டது. இந்தக் கழனியில் இந்தக் களை ஏன் வருகிறது என்று எழுதுகிற இடத்திலெல்லாம் அவர் கட்டுரை இருந்தது. இங்கே தண்ணீர் முதல் முறையில் வராது, கடைசி முறையில்தான் வரும், அதனால் இது முளைக்கிறது. காரணம் வேதாசலத்தின் ஆய்வில் உண்டு. அங்கே மடை மூடிய பிறகும் கசிவு நிற்கும், அதனால் அது சாகாது. அளவு வேதாசலத்தின் ஆய்வில் உண்டு. களைக்குக் களை அவர் பெயர். பொண்டாட்டி புருஷனுக்குப் போட்ட பெயர் மாதிரி அது இல்லை. அதை எடுத்தால் அந்த வரியே நிற்காது. அது எனக்கே அப்போதுதான் புரிந்தது.

சார் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டு, ஆரைக்கீரைக்கு வந்தவர் அங்கேயே நின்றார்.

“இது தப்பு சசி.”

“எது?”

“மூணாவது மதகுக்குக் கீய தண்ணி தேங்கும்னு போட்டுக்கீற. மூணாவதுல எங்க தேங்குது? அது மேடாச்சே. நாலாவதுலதான் தேங்கும்.”

அக்கா எழுந்து வந்தார். “உங்க கட்டுரையில மூணுன்னுதான் கீது. அத்த நம்பித்தான் எயுதினேன்.”

“இருக்காது.”

“பாருங்க.”

திறந்தார்கள். மூன்று என்றுதான் இருந்தது. சார் திரையைப் பார்த்தபடி விரலை மடக்கி மடக்கி மதகுகளை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

“தூந்துபோன மதகு ஒண்ணு கீது, பனமரத்தாண்ட. அத்த எண்ணாம வுட்டுட்டேன்” என்றார். “இத்தினி வருசமா தப்பாவே கெடக்குதா? ஒருத்தன்கூடச் சொல்லலியே.”

“பட்ச்சாதான சொல்லுவாங்க” என்றார் அக்கா. அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அதனால்தானோ என்னவோ, சாரின் கண் கலங்கிவிட்டது.

“நீ பட்ச்சிக்கீற.”

“நாலு தபா.”

வெளியே மழை விட்டிருந்தது. கீழே கண்டக்டர் காஞ்சிபுரம், காஞ்சிபுரம் என்று கத்திக்கொண்டிருந்தான். அக்கா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். பையை எடுக்கவில்லை. பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு சார் அருகில் உட்கார்ந்தார்.

“பாய், இத்த எப்டி திருத்தறது, காட்டு” என்றார் சார். நான் காட்டினேன். பொத்தானுக்குப் போன விரல் அந்தரத்தில் நின்றது. பார்வை மெல்ல மேலே பெட்டிப் பக்கம் போனது. அவருடையது சாம்பல். திரையில் பக்கத்திலேயே திறந்திருந்த அக்காவுடையது லேசாகப் பச்சை பிடிக்க ஆரம்பித்திருந்தது. மனுஷன் முகம் ஒரு கணம் கோணியதை நானும் பார்த்தேன், அக்காவும் பார்த்தார்.

“அந்தக் கோட்ட அப்பறமாப் பாத்து எரிஞ்சிக்கினு இருங்க” என்றார் அக்கா. “மொதல்ல நாலுன்னு போடுங்க.”